மசாலாப் பை

மலாய் நாட்டில், செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் கடைசி வரிசை, கடைசி வீடு. பட்டறையில் மதியச் சங்கு ஊதுவதற்குள் அந்த வீட்டிலிருந்து டிபன் கேரியர்கள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். சேர்ந்துவிடும். எழுபதுகளில் அந்தப் பட்டறையில் கட்டைப் பிரம்மச்சாரிகளாக இருந்தவர்கள் எல்லாரும் இராஜம்மா கைச் சோற்றைத் தின்று உடம்பு தேற்றியவர்கள்தான். தின்றதோடு திட்டும் வாங்கியவர்கள். "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று எவனாவது சொல்லிவிட்டால் போதும், மறுநாள் அவன் கேரியரில் மட்டும் உப்பே இல்லாத குழம்பு வரும். வாயில் வைத்தவன் கப்சிப். மனுஷிக்குக் கோபம் மூக்கு நுனியில் குடியிருந்தது. ஆனால் ஒருத்தன் காய்ச்சல் என்று படுத்துவிட்டால் கஞ்சியும் துவையலும் கேட்காமலே அவன் வாசலில் போய் நிற்கும்.

அவள் புருஷன் ஜெயராஜ் பட்டறையில் ஃபிட்டர். அவள் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒன்று பேசுவார், அதுவும் பெரும்பாலும் "சரி" என்பதாகத்தான் இருக்கும். பிள்ளை இல்லை. அதைப்பற்றி ஊர் பேசிப் பேசி ஓய்ந்துபோயிருந்தது. அவருக்கு இருந்த ஒரே கிறுக்கு மலை. வேலை இல்லாத நாள் வந்தால் மற்றவர்கள் சினிமாவுக்குப் போவார்கள், இவர் ஏதாவது ஒரு காட்டுக்குள் ஏறிவிட்டு, காலெல்லாம் அட்டை கடித்த ரத்தத்தோடு சிரித்துக்கொண்டே வந்து நிற்பார். "காசு குடுத்து அட்டைக்கு ரத்தம் ஊத்திட்டு வர்ற ஒரே மனுஷன் நீங்கதான்" என்று சொல்லிக்கொண்டே அவள் சுண்ணாம்பு தடவுவாள். அவரோடு சேர்ந்து பட்டறையில் இன்னும் நாலு பேருக்கு அந்தக் கிறுக்கு பிடித்தது. அதில் கன்னையாவும் பக்கிரிசாமியும் முக்கியமானவர்கள். கன்னையா வயதில் சின்னவன், ஜெயராஜை அண்ணே அண்ணே என்று சுற்றுகிறவன். பக்கிரிசாமி வயிறு பெரியவன்.

முதல் தடவை ஐந்து பேரும் சேர்ந்து உலு லங்காட் பக்கம் ஒரு மலைக்குப் போனபோது அவரவர் சாப்பாட்டை அவரவர் கட்டிக்கொண்டு போனார்கள். அங்கேதான் வம்பு. ஒருத்தன் ரொட்டியை மதியத்துக்குள் தீர்த்துவிட்டான். ஒருத்தன் புளிச்சோறு கட்டிக்கொண்டு போய் அது புழுக்கத்தில் நொதித்து நாறிவிட்டது. சாயங்காலம் எல்லாரும் பசியில் சுருண்டு கிடக்க, பக்கிரிசாமியை மட்டும் காணோம். தேடிப் போனால் ஆள் ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து சார்டின் டின்னைத் திறந்து வைத்துக்கொண்டு விரலால் வழித்துத் தின்றுகொண்டிருந்தான். அப்புறம் என்ன, கைகலப்புதான். மலையேறப் போனவர்கள் ஆளுக்கொரு பஸ்ஸில் வீடு திரும்பினார்கள். பட்டறையில் ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்க்கவில்லை.

ஜெயராஜுக்கு அது பெரிய துக்கமாகப் போய்விட்டது. மலைக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்து பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்த மனுஷனைப் பார்க்கச் சகிக்காமல் இராஜம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை மற்ற நாலு பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டாள். வயிறு முட்டச் சோறு போட்டாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள்.

"இனிமே எவன் பையிலயும் முழுச் சாப்பாடு இருக்கக் கூடாது. ஒருத்தன் அரிசி தூக்கணும். ஒருத்தன் பருப்பு. ஒருத்தன் நெத்திலி, கிழங்கு. ஒருத்தன் காப்பித்தூள், சீனி, சட்டி. மசாலா, உப்பு, புளி எல்லாம் இவரு பையில. சமைக்கப்போறதும் இவருதானே. ஒரே அடுப்பு, ஒரே சட்டி. ஒருத்தனை விட்டு ஒருத்தன் எங்கடா போவீங்க? போனா பட்டினிதான்."

பக்கிரிசாமிகூடச் சிரித்துவிட்டான்.

அந்த ஏற்பாடு நன்றாகவே நடந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். வருஷக் கணக்காக அவர்கள் அப்படித்தான் போனார்கள், வந்தார்கள். ஒருத்தன் கால் சுளுக்கினால் மற்றவர்கள் நின்றார்கள், ஏனென்றால் பருப்பு அவன் முதுகில் இருந்தது. நடையில் முந்துகிறவன் முந்த முடியாது, பிந்துகிறவனை விட்டுவிட்டுப் போக முடியாது. "அண்ணி, உங்க புண்ணியத்துல நாங்க அஞ்சு பேரும் ஒரே ஆளு லா" என்று கன்னையா சொன்னபோது இராஜம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. மலை என்றால் என்ன என்று கண்ணால் பார்க்காதவள், ஐந்து ஆம்பளைகளை அடுப்படியிலிருந்தே கட்டி மேய்த்துவிட்டாளாம். கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டாள்.

எண்பத்திரண்டில் ஜெயராஜ் தாஹான் மலைக்குப் போக வேண்டும் என்றார். அந்தப் பெயரை அவர் பல வருஷமாக முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ரயில்வேக்காரர்களுக்கு டிக்கெட் இல்லை, பாஸ் உண்டு. ஜெராண்டுட் வரைக்கும் ரயிலில் போய், அங்கிருந்து ஆற்றில் படகேறி, பிறகு காட்டுக்குள் நாள் கணக்கில் நடக்க வேண்டும். வழியில் கடை கிடையாது, கம்பம் என்கிற மலாய்க் கிராமம் கிடையாது, மனித வாடையே கிடையாது.

"அப்போ இது நம்ம வழக்கமான ரேஷன் இல்ல" என்று இராஜம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

அந்த ஒரு வாரம் வீடு கல்யாண வீடாக இருந்தது. தேங்காய் கூடாது, கெட்டுவிடும். கருவாடு கூடாது, மழையில் நனைந்தால் பையே நாறும். வெங்காயம் கனம், ஆனாலும் வெங்காயம் இல்லாமல் என்ன சாப்பாடு என்று அதை மெலிதாக அரிந்து வெயிலில் காயவைத்தாள். பருப்பை வாசம் வர வறுத்தாள், வறுத்தால் சீக்கிரம் வேகும், விறகு மிச்சம். நெத்திலியைத் தலை கிள்ளி மொறுமொறுவென்று பொரித்து எண்ணெய் வடித்தாள். மல்லியும் மிளகாயும் சீரகமும் வாங்க மஸ்ஜித் இந்தியா கடைத்தெரு வரைக்கும் போய்க் கடைக்காரரோடு சண்டை போட்டுவிட்டு வந்தாள். வறுத்து, மில்லில் அரைத்து, சூடு முழுசாக ஆறும்வரை தாளில் பரப்பி வைத்து, பிறகுதான் பிளாஸ்டிக் பையில் கட்டி மைலோ டின்னில் அடைத்தாள். புளியைக் கொட்டையும் நாரும் போகப் பிசைந்து, உப்புத் தூவி உருட்டிக் காயவைத்தாள். எல்லாப் பொட்டலங்களையும் தன்னுடைய பழைய சேலையின் பச்சைக் கரையைக் கிழித்துக் கட்டினாள். அவள் போட்ட முடிச்சை அவிழ்க்கத் தெரிந்தவர் ஜெயராஜ் ஒருத்தர்தான்.

கிளம்புகிற அன்று காலையில் ஐந்து பைகளும் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஜெயராஜ் தன் பையைத் தூக்கிப் பார்த்தார். மசாலா, புளி, உப்பு, பூண்டு, எண்ணெய் போத்தல், அகப்பை. அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து மெதுவாக உள்ளே சொருகினார்.

இராஜம்மாவுக்கு முதுகிலும் கண். "அது என்ன?"

"ஒண்ணும் இல்ல. பிஸ்கட்டு. நடையில கொறிக்கலாம்னு…"

"நல்லா இருக்கே! தலைவர் பையிலயே தனியா திங்கிறதுக்குப் பாக்கெட்டு. நாளைக்குப் பக்கிரிசாமி கேட்டா என் மூஞ்சிய எங்க கொண்டு வச்சிக்கிறது?" பாக்கெட்டை வெடுக்கென்று எடுத்து அலமாரியில் வைத்தாள். "வந்து டீயில தொட்டுத் தின்னுங்க. எங்கயும் ஓடிப்போகாது."

"சரி" என்றார் ஜெயராஜ்.

அந்தச் "சரி"யை அவள் வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கப்போகிறாள் என்று அப்போது யாருக்குத் தெரியும்!

*

செய்தி பட்டறைக்குத்தான் முதலில் வந்தது, ஸ்டேஷன் டெலிபோன் வழியாக. ஒரு கிளார்க் வந்து வாசலில் நின்று கையைப் பிசைந்தார். நாலு பேர் காட்டிலிருந்து வெளியே வந்துவிட்டார்கள், ஜெயராஜை மட்டும் காணவில்லை, ஆறு பெருகியதில் பிரிந்துவிட்டார், போலீஸ் தேடப் போயிருக்கிறது, பயப்பட வேண்டாம்.

இராஜம்மா கேட்ட முதல் கேள்வி, "கன்னையாவும் வெளிய வந்துட்டானா?"

"வந்துட்டாரும்மா, அவரு பத்திரமா இருக்காரு."

அவள் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். கூட வேலை பார்க்கிற பையன் மேல் இந்தம்மாவுக்கு எவ்வளவு அக்கறை என்று கிளார்க் நினைத்துக்கொண்டு போனார். அட ராமா, அக்கறையா அது? அரிசி கன்னையா முதுகில் இருந்தது. கன்னையா அவரோடு காணாமல் போயிருந்தால் அவள் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பாள். அப்படி நினைத்ததற்காக அவள் பிற்பாடு அழுதாள், ஆனால் அந்த நேரத்தில் அப்படித்தான் நினைத்தாள்.

கிள்ளானில் இருந்த அவளுடைய அக்காள் நல்லம்மாள் தகவல் கேட்டு ஓடி வந்தாள். இரண்டு பேரும் ரயிலேறினார்கள். ஜெராண்டுட்டில் இறங்கிப் படகில் போய்ச் சேர்ந்தபோது கரையில் கன்னையா நின்றுகொண்டிருந்தான். தாடியும் மீசையுமாக, கண்ணெல்லாம் உள்ளே போய், ஆளே அடையாளம் தெரியவில்லை. அண்ணியைக் கண்டதும் குழந்தை மாதிரி விசும்பினான்.

"மழை விடவே இல்ல அண்ணி. உச்சிய பாக்காமலே திரும்பிட்டோம். வர்ற வழியில ஆத்தைத் தாண்டணும். நாங்க நாலு பேரும் தாண்டிட்டோம். அண்ணன் அடுப்ப அணைச்சுட்டுக் கடைசியாத்தானே வருவாரு, எப்பவும் போல. அவரு வர்றதுக்குள்ள தண்ணி செம்மண்ணா பொரண்டு வந்துடுச்சு. மரமெல்லாம் அடிச்சிக்கிட்டு வருது. அந்தக் கரையில அவரு, இந்தக் கரையில நாங்க."

"சாப்பிட ஏதாச்சும் வச்சிருந்தாரா?" தெரிந்துகொண்டே கேட்டாள்.

கன்னையா தலையைக் குனிந்துகொண்டான். "அரிசிய ஒரு பொட்டலமா கட்டி அந்தப் பக்கம் எறிஞ்சேன் அண்ணி. பாதியில ஆத்துல விழுந்துச்சு. நெத்திலிய எறிஞ்சோம். அதுவும் போச்சு. அகலம் அப்படி. அப்புறம் அண்ணன் உப்புப் பொட்டலத்த எடுத்து எங்க பக்கம் எறிஞ்சாரு. அவரு கை பட்டறைக் கை, அது வந்து சேந்துடுச்சு." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "கஞ்சி காய்ச்சிக் குடிங்கடான்னு கையால காட்டினாரு. மேல போயி ஆத்தைத் தாண்ட மரம் ஏதும் விழுந்திருக்கான்னு பாக்குறேன்னு சைகை காட்டிட்டு உள்ள போனாரு. அதான் அண்ணி. தண்ணி வடிஞ்சதும் நாங்க அந்தக் கரைக்குப் போயிக் கத்திக் கத்திப் பாத்தோம். பதிலே இல்ல."

"கஞ்சி குடிச்சீங்களா?"

"குடிச்சோம் அண்ணி" என்று சொல்லிவிட்டு அவன் தேம்பித் தேம்பி அழுதான்.

அவள் அவனைத் திட்டவில்லை. கன்னையா அதற்காகத்தான் காத்திருந்தான், வாய்க்கு வந்தபடி திட்டுவாள், இரண்டு அறைகூட விடுவாள் என்று. அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தேடும் கூட்டத்துக்குத் தலைவராக ஒரு மலாய் போலீஸ் அதிகாரி இருந்தார். நல்ல மனிதர். நாற்காலி போட்டு உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, ஒருத்தர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார் என்று கணக்குப் போட வேண்டும் அல்லவா, அதற்காகக் கேட்டார், அவர் என்ன சாப்பாடு கொண்டுபோனார் என்று.

"அசாம். லாடா. செர்புக் காரி" என்றாள் இராஜம்மா. புளி, மிளகாய், மசாலாத்தூள்.

அதிகாரி அடுத்ததற்காகக் காத்திருந்தார். அவள் நிறுத்திவிட்டாள்.

"பெராஸ்?" அரிசி?

"தாடா." இல்லை.

"ரொட்டி? பிஸ்கட்?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். இந்தம்மாவுக்கு மலாய் சரியாகப் புரியவில்லை என்று நினைத்து அவர் கன்னையாவைப் பார்த்தார். கன்னையா, அவர்கள் சொன்னது சரிதான் என்று சொன்னான். ஒரு மலையேறி வெறும் மசாலாவை மட்டும் சுமந்துகொண்டு காட்டுக்குள் எதற்குப் போவான் என்று அந்த அதிகாரிக்குக் கடைசிவரை விளங்கவில்லை. விளங்கவைக்கவும் யாருக்கும் தெம்பில்லை.

மறுநாளே இராஜம்மா எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டாள். தேடிப் போகிறவர்கள் கையில் பொட்டலம் கொடுத்துவிட வேண்டும், அவர் நடமாடக்கூடிய இடங்களில் மரத்தில் தொங்கவிட வேண்டும். என்ன கொடுப்பது? சோறு ஒரு நாள் தாங்காது. அரிசி கொடுத்தால் நெருப்புக்கு எங்கே போவார், நனைந்த காட்டில்? அவல் இருந்தால் நல்லது, அந்த ஊரில் அவல் இல்லை. கடைசியில் சோற்றை வடித்து வெயில் வந்தபோதெல்லாம் காயவைத்து, மணலில் பொரித்துச் சீனி கலந்து கட்டினாள். நெருப்பு வேண்டாம், தண்ணீர்கூட வேண்டாம், அப்படியே வாயில் போடலாம். பச்சைக் கரை தீர்ந்துபோனதால் உடுத்தியிருந்த சேலையின் கரையைக் கிழித்தாள். "அடியே, மாத்துச் சேலைகூட இல்லாம…" என்று நல்லம்மாள் ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

பொட்டலங்கள் போயின. திரும்பி வரும்போது ஒவ்வொரு தடவையும் அதே கதைதான். குரங்கு பிய்த்தது, எறும்பு மொய்த்தது, மழையில் ஊறிப் பூஞ்சை பிடித்தது. ஒரு தடவை ஒரு பொட்டலம் காணவே இல்லை என்றதும் அவளுக்கு உயிர் வந்தது. அடுத்த நாள் அதன் துணி காட்டுப்பன்றிக் காலடிகளுக்கு நடுவே கிடந்தது.

ஒன்றே ஒன்று கிடைத்தது. தேடும் கூட்டத்தோடு வழிகாட்டப் போன, அந்தக் காட்டின் பூர்வகுடியான அஸ்லிக்காரர் ஒருவர் ஆற்றின் மேல்பக்கம், பாறைக்கு அடியில், ஒரு பிளாஸ்டிக் பையைக் கண்டெடுத்து வந்தார். பக்கத்தில் பச்சைக் கரைத் துண்டு. முடிச்சு அறுக்கப்படவில்லை, அவிழ்க்கப்பட்டிருந்தது. புளிப் பை. அதை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, ஒட்டியிருந்ததையெல்லாம் நக்கி எடுத்திருந்தார் மனுஷன். பை கழுவி வைத்தது போலச் சுத்தமாக இருந்தது.

அதிகாரியின் முகத்தில் முதன்முறையாக ஒரு வெளிச்சம். ஆள் நடமாடியிருக்கிறார், நல்ல அறிகுறி, இன்னும் மேலே போய்ப் பார்க்கலாம் என்றார். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நல்லம்மாள் முருகனைக் கூப்பிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். இராஜம்மா மட்டும் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு பித்துப்பிடித்தவள் போல ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அவருக்குப் புளி ஆகாதேக்கா. நெஞ்சு எரியும். வீட்டுல நான் பாதிப் புளிதானே போடுவேன். வெறும் வயித்துல புளியத் தின்னிருக்காரே."

அதற்கப்புறம் எதுவும் கிடைக்கவில்லை. பையும் இல்லை, ஆளும் இல்லை. பருவமழை இறங்கியது, ஆற்றுக்கு மேலே யாராலும் போக முடியவில்லை. தேடுவதை நிறுத்துகிறோம் என்று அந்த அதிகாரி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சொன்னார். அவள் "சரி" என்றாள்.

*

செந்தூலுக்குத் திரும்பியதும் கேரியர் வேலையை அவள் விட்டுவிடுவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். விடவில்லை. ஆனால் கேரியரைத் திறந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். முன்பு கீழ் அடுக்கில் சோறு, நடுவில் குழம்பு, மேலே காய் என்று வரும். இப்போது எல்லா அடுக்கிலும் எல்லாம் இருந்தது. சோறும் குழம்பும் காயும் கலந்து, ஒவ்வொரு அடுக்கும் ஒரு முழுச் சாப்பாடாக. பார்க்கக் கசகசவென்றுதான் இருக்கும். யாரும் வாயைத் திறக்கவில்லை. கேரியர்கள் காலியாகவே திரும்பின.

கன்னையா ஒரு நாள் தன் பையோடு வந்தான். மலையிலிருந்து மிச்சமாகத் திரும்பிய அரிசி, பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. "இத நான் என்ன செய்றதுன்னு தெரியல அண்ணி. பொங்கவும் முடியல, கொட்டவும் முடியல." அவள் வாங்கிக்கொண்டாள். பிஸ்கட் பாக்கெட் இருந்த அதே அலமாரியில், அதற்குப் பக்கத்தில், ஒரு டின்னில் போட்டு வைத்தாள். மாதம் ஒரு தடவை வெயிலில் கொட்டிப் பரப்பி, வண்டு பொறுக்கி, புடைத்து, மறுபடி டின்னில் போடுவாள். ஒரு பிடிகூட உலையில் போட்டதில்லை. அதற்குப் பிறகு அந்த நாலு பேரும் எந்த மலைக்கும் போகவில்லை. பட்டறையில்கூட ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டார்கள்.

பக்கிரிசாமி வருவதற்கு வெகுநாள் பிடித்தது. வந்தவன் உள்ளே வராமல் முற்றத்திலேயே நின்றான். அந்தப் பெரிய வயிறு பாதியாக வற்றியிருந்தது.

"அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது. நான் திருந்தல அண்ணி. எல்லாத் தடவையும் பைக்கு அடியில ஒரு சார்டின் டின்ன ஒளிச்சு வச்சுத்தான் கொண்டுபோவேன். இந்தத் தடவையும்." முற்றத்து மண்ணையே பார்த்துக்கொண்டு பேசினான். "அண்ணனுக்குத் தெரியும். ஒரு நாளும் யாருகிட்டயும் சொல்லல, சிரிச்சுக்குவாரு. அன்னிக்கு அந்த டின்ன எறிஞ்சிருக்கலாம் அண்ணி. அது கனமா இருக்கும், போயிச் சேந்திருக்கும். எல்லார் முன்னாடியும் எப்படி எடுக்குறதுன்னு வெக்கப்பட்டுக்கிட்டு நின்னுட்டேன்."

இராஜம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனை அடித்துக் கொல்ல வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. "உன்ன எதுக்குடா நான் திட்டணும்?" என்றாள் கடைசியில். "உனக்கு இருந்த புத்தியில பாதி அவருக்கு இருந்திருந்தா, நான் எடுத்து வச்ச பிஸ்கட்ட எனக்குத் தெரியாம மறுபடி எடுத்துப் பையில போட்டிருப்பாரு. நல்லவரா இருந்து தொலைச்சாரே. போடா. போயி நல்லாத் தின்னு."

அவன் போன பிறகு அவள் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதது அடுத்த வீட்டுக்குக் கேட்டது.

ஒரு வருஷம் போய், இன்னொரு ஆடியும் வந்தது. நல்லம்மாள் கிள்ளானிலிருந்து வரும்போதெல்லாம் மெல்ல மெல்ல எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். உடம்பு கிடைக்கவில்லைதான், ஆனாலும் எத்தனை நாளைக்கு இப்படி? படையல் போடாமல் விட்டால் அந்த ஆத்மா பசியோடு அலையாதா? மற்றப் பேச்சுக்கெல்லாம் வாயாடிய இராஜம்மா, 'பசியோடு' என்ற வார்த்தைக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. ஒரு நாள், "வர்ற அமாவாசைக்குப் போட்டுடலாம்க்கா" என்றாள். அன்றைக்குத்தான் அவள் ஜெயராஜை விட்டாள்.

அமாவாசையன்று குவார்ட்டர்ஸ் பெண்கள் எல்லாரும் கூடமாட உதவ வந்தார்கள். அவருக்கு என்னென்ன பிடிக்கும் என்று ஆளாளுக்குக் கேட்டுக்கேட்டுச் சமைத்தார்கள். குழம்பு, பொரியல், நெத்திலி, வடை, பாயசம். இராஜம்மா எதிலும் கை வைக்கவில்லை. சோற்றை மட்டும் அவளே பொங்கினாள். அலமாரியிலிருந்து அந்த டின்னை இறக்கி, கடைசி அரிசிவரைக்கும் கொட்டி, வண்டு பார்த்து, கழுவி உலையில் போட்டாள். பழைய அரிசி, வேக நேரம் பிடித்தது. அவள் அடுப்பை விட்டு நகரவில்லை.

மாலை போட்ட படத்துக்கு முன்னால் தலைவாழை இலை. கன்னையாவும் பக்கிரிசாமியும் மற்ற இருவரும் சுவரோரமாக நின்றார்கள். இராஜம்மா சோற்றை இலை நடுவில் வைத்தாள். நல்லம்மாள் அகப்பை நிறையக் குழம்பை மொண்டு சோற்றின் மேல் ஊற்றப்போனாள். இராஜம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"குழம்பு வேணாம்க்கா."

"என்னடி இது? வெறுஞ்சோத்தையா படைப்பாங்க?"

"ஆமாம்க்கா. குழம்புக்கு வேண்டியதெல்லாம் அவருகிட்டயே இருக்கு. நான்தான் குடுத்து விட்டேன். சோறு மட்டுந்தான் இல்ல."

பானையை இழுத்து மடியோரம் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் அள்ளி அள்ளி வைத்தாள். சோறு இலையை விட்டு வழிந்து தரையில் இறங்கியது. பானை காலியாகும்வரை அவள் நிறுத்தவில்லை, தடுக்க அங்கே யாருக்கும் கை வரவில்லை.